தேடலில் முதலில் வந்த பெயர்

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளைத் தேடுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. பெயரில் பாதியைத் தட்டினாலே அதையொத்த பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள்கள், எல்லாம் வந்து நிற்கும். பக்கத்திலேயே அது என்ன செய்யும் என்று ஒரு வரி விளக்கம். அதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் தங்கை வீட்டுக்காரர் படிக்கமாட்டார். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். பிறகு அவரையே எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். "முதல்ல வர்றதைப் போட்டுட்டுப் போயிட்டே இருங்க மச்சான். எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டிருந்தா வேலை நடக்குமா?" என்பார், எல்லார் முன்னாலும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

பேக்கேஜ்களைச் சேமித்துவைக்கும் சர்வர் என் பொறுப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் இதயத்துடிப்பு தடுமாறினால் மணியடிக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை அவருக்கு வந்தது. அந்த மென்பொருளுக்கு மணியடிக்காத ஒரு பிரதி செய்து, ஏறக்குறைய அதே பெயரில், தேடினால் முதலில் வரும்படி வைத்தேன். பொய் சொல்லவில்லை. 'சோதனைக்கு மட்டும். மணி ஒலிக்காது' என்று விளக்கத்தில் எழுதியிருந்தேன். இதைவிட நேர்மையாக யார் எழுதுவார்?

தேடினார். முதலில் வந்ததைப் போட்டார். "முடிஞ்சுது மச்சான்" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அறுவை சிகிச்சை முடிந்து தேறி வந்தவர். காலையில்தான் தன் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாராம். சாயங்காலம் இறந்துபோனார்.

மாப்பிள்ளையைப் போலீஸ் கூட்டிப்போன பிறகு தங்கை வந்தாள். "அவரு கொஞ்சம் அலட்சியம்தாண்ணே, ஆனா கொல்ற ஆளில்லன்னு நீயாவது சொல்லுண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சொல்றேம்மா" என்றேன். விசாரணையில் அதையேதான் சொன்னேன்: அலட்சியம்.

அந்த அம்மா இறந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டீர்கள். என் இடத்தில்தான். எல்லாக் கட்டில்களின் துடிப்பும் என் திரையிலும் தெரியும். அந்த அம்மாவின் கோடு தாழ்ந்துகொண்டே போவதைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் முதுகைக் காட்டியபடி இன்னொருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடியிருப்பார்.

கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா பிழைத்திருந்தால், மாப்பிள்ளை எவ்வளவு ஆபத்தான மனிதர் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போயிருக்குமே, ஐயா.