கொட்வினின் ஒலிவத் தோட்டம்

புதிதாகப் பிழிந்த ஒலிவ எண்ணெய் தொண்டையில் காறும். பழுதாகிவிட்டதென்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். காறினால்தான் நல்ல எண்ணெய் என்று கொட்வின் எனக்குச் சொல்லியிருக்கிறான்.

நீங்கள் பொலிஸ், கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். மொழிபெயர்க்கும் தங்கச்சி நான் சொல்வதை அப்படியே சொன்னால் போதும்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் கொட்வினும் நானும் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தோம். பிறகு வுப்பர்டாலில் ஒரே தொழிற்சாலை, ஒரே கட்டடத்தில் வீடு. நான் கலியாணம் கட்டவில்லை. அவனுடைய மனைவி மெலனி இறந்தபின் இரவுச் சாப்பாட்டை அவன் என் வீட்டிலேயே சாப்பிட்டான். அந்த நாட்களில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் கிரேக்கத்தில் ஒரு சின்ன ஒலிவத் தோட்டம் வாங்கினான். அறுவடைக்கு நானும் போவேன். மரத்தடியில் வலை விரித்து, நீளக் கோலால் கிளைகளைத் தட்டிக் காய்களை விழுத்துவோம். ஆறப்போட்டால் எண்ணெய் கெட்டுவிடும் என்று உடனேயே ஆலைக்குக் கொண்டுபோவோம். அங்கே எல்லோரும் அவனைக் கட்டிப்பிடிப்பார்கள். எனக்கு விளங்காத பாஷையில் அவர்களோடு சிரிப்பான். நான் பாண் துண்டை எண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டு ஒரு ஓரமாக நிற்பேன்.

போன வருட அறுவடையின்போது சொன்னான்:

"அண்ணை, நான் இனி வுப்பர்டாலுக்கு வரேல்லை. இஞ்சயே இருக்கப்போறன். நீங்களும் வாங்கோ, அறை இருக்கு."

"யோசிப்பம்" என்றேன்.

அங்கே அவனுக்கு ஊரே இருந்தது. வுப்பர்டாலில் என்னைத் தவிர யாருமில்லை. அவன் கோயிலுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் துளை போட்டுக் களைநாசினியை ஊற்றி மண்ணால் அடைத்தேன். நல்ல மரங்கள். கஷ்டமாகத்தான் இருந்தது.

வசந்தத்தில் போன் எடுத்தான்.

"அண்ணை, இலையெல்லாம் கருகிக் கொட்டுது. என்ன வருத்தமெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

"அழாத. இஞ்ச வா."

வந்தான். அதிகம் பேசமாட்டான், சன்னலோரம் இருப்பான். என்றாலும் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே ஓர் ஆள் இருந்தது.

பிறகு ஒருநாள் ஆலைக்காரர் அவனுக்குப் போன் எடுத்திருக்கிறார். கொட்வின் என் கதவைத் தட்டிய விதமே வேறாக இருந்தது.

"வேரிலயிருந்து புதுக் குருத்து வந்திருக்காம் அண்ணை. ஒலிவ மரம் லேசில சாகாதாம். நான் நாளைக்கு விடியப் போறன்."

பெட்டி அடுக்க உதவினேன்.

ஓம், படியில் எண்ணெய் ஊற்றியது நான்தான். அவனுடைய தோட்டத்து எண்ணெய். என் வீட்டில் வேறு எண்ணெய் இருக்கவில்லை. கால் முறியும், பயணம் நிற்கும் என்றுதான் நினைத்தேன். முதுகெலும்பு முறியுமென்று நினைக்கவில்லை. கவலைதான். ஆனால் இனி அவன் எங்கும் போக ஏலாது என்பதையும் நாங்கள் பார்க்கவேண்டும்.

பராமரிப்பு இல்லத்தில் நாள்தோறும் நான்தான் ஊட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொள்வான். பொறுமையாக இருந்தால் திறப்பான்.

ஒரு வேண்டுகோள். பின்னேரத்தில் கொஞ்சநேரம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். என் கையால் அல்லாமல் அவன் சாப்பிடமாட்டான்.

நான் இங்கே வந்ததிலிருந்து தாதிமார் கொடுப்பதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறான் என்கிறீர்கள். இருக்கும். நான் கவலைப்படக் கூடாதென்று அப்படிச் செய்கிறான்.