ஐந்து நீலப் புள்ளிகள்

– …இங்க சென்னையில நல்லாத் தெரியுது ரீனா. சுவர் பூரா உங்க வரைபடம்தான். திண்டுக்கல் டவுன் வரைக்கும் புது ரோட்டுக் கோடு சரியா இருக்கு. அடுத்து சேவுகம்பட்டிப் பக்கம் எடுத்து வைங்க. நாங்க ஒரு டீ குடிச்சிடறோம்.

– சரிங்க தீபா மேடம்.

– ரீனா, மொதல்ல அந்த மைக்க அமத்து.

– அமத்திட்டேன் மோகன்குமார் சார்.

– இந்தா, கேமரா மேல என் கர்ச்சீப்பப் போட்டாச்சு. இனி நம்ம என்ன செஞ்சாலும் மெட்ராசுக்குத் தெரியாது.

– சார், படம் போறது கேமரா வழியா…

– எனக்குச் சொல்லித் தராத தாயி. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே சங்கிலி புடிச்சு நெலம் அளந்தவன் நானு. சேவுகம்பட்டியத் தொற.

– தொறந்துட்டேன்.

– இந்தா பாரு, ரோட்டுக் கோட்டு மேல அஞ்சு நீலப் புள்ளி. இதெல்லாம் எதுக்குப் போட்ட?

– கிணறு சார். நீங்களும் கூட நின்னுதான அளந்தோம். ஞாயித்துக்கெழம நான் சர்ச்சுப் பூசைக்குக் கூடப் போகாம அளந்தது.

– தூக்கிரு.

– மாட்டேன் சார்.

– என்னது?

– மாட்டேன். கோட்டு மேல கிணறு இருந்தா ரோட்ட வடக்க பாறைக் கரட்டுப் பக்கம் தள்ளிருவோம்னு மேடம் காலையிலயே சொன்னாங்க. புள்ளி இல்லாட்டி அஞ்சு கிணத்தையும் மண்ணப் போட்டு மூடிருவாங்க.

– வடக்க தள்ளுனா என் மச்சான் போன வருசம் வாங்கிப் போட்ட எடத்துல நேரா விழும். அது தெரியுமா ஒனக்கு?

– இப்பத்தான் தெரியுது சார்.

– தெரிஞ்சிருச்சுல்ல, தூக்கு. அம்புட்டுத்தேன்.

– கீழ மூலையில வரைந்தவர் ரீனான்னு எழுதியிருக்கு. உங்க பேரு இல்ல. கிணறு இல்லாத படத்துக்கு அடியில என் பேரு நிக்காது சார்.

– நாளைக்கு நீ இந்த ஆபீஸ்ல நிக்க மாட்ட. பாத்துக்க.

– பயமாத்தான் இருக்கு. ஆனா மாட்டேன். பேகம்பூர்ல நர்கீஸ் அக்கா பிரவுசிங் சென்டருக்கு ஆளு தேடுறாங்க. அங்க போயி உக்காந்துக்குறேன்.

– திமிரு.

– ஆமா சார்.

– தள்ளு அங்குட்டு. நானே தூக்குறேன். எப்பிடித் தூக்குறது?

– வேணாம்னுதான் சொல்றேன். கேக்க மாட்டீங்கன்னா, புள்ளிய அமுக்கிட்டு டெலீட்ட அமுக்குங்க. ஒண்ணொண்ணாத்தான் போகும்.

– போச்சு ஒண்ணு.

– அது சுருளிவேல் அண்ணன் கிணறு. அவரு மல்லியப்பூத் தோட்டத்துக்குப் பாயுறது.

– நான் கேட்டனா? ரெண்டு.

– அது செபாஸ்தியம்மாளோடது. கோடையிலயும் வத்தாத கிணறு. ஊருல பாதிச் சனம் குடிக்கிற தண்ணி.

– வாய மூடிக்கிட்டு இரு.

– அடுத்தது கண்ணம்மாள் கிணறு சார். அன்னைக்கு வெயில்ல தலை சுத்தி வரப்புல உக்காந்துட்டீங்கல்ல, அந்தம்மாதான் வாளியப் போட்டு எறைச்சு உங்க மூஞ்சியில தெளிச்சுச்சு.

– தெளிச்சுச்சு. நான் இல்லேங்கல.

– கை நிக்குது சார்.

– ஒண்ணும் நிக்கல. இந்தா போச்சு. நாலு… அஞ்சு. இப்பப் பாரு, கழுவி விட்ட தரை கணக்கா இருக்கு. இம்புட்டு வேலைக்கு இம்புட்டுப் பேச்சு. கர்ச்சீப்ப எடு, மைக்கப் போடு.

– போட்டாச்சு.

– தீபா மேடம், வணக்கம், மோகன்குமார் பேசுறேன். சேவுகம்பட்டிப் பக்கம் வெறும் பொட்டக்காடு மேடம். மருந்துக்குக் கூட ஒரு கிணறு கெடையாது. கோடு இப்பிடியே போயிரலாம்… மேடம்? கேக்குதுங்களா?

– கேக்குது. டீய நாங்க இங்கயே உக்காந்துதான் குடிச்சோம் மோகன்குமார்.

– அப்பிடிங்களா மேடம்.

– உங்க கர்ச்சீப் கேமராவத்தான் மூடுச்சு. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறது எல்லாம் அப்படியே எங்க சுவத்துல விழுந்துக்கிட்டேதான் இருந்தது. அம்புக்குறி ஒவ்வொரு கிணத்து மேலயும் போய் நின்னத, மூணாவதுல ரொம்ப நேரம் நின்னத, எட்டுப் பேர் பாத்தோம். ரீனா, அழிச்சத எல்லாம் திரும்பக் கொண்டு வர முடியுமா?

– முடியும் மேடம். சார் மவுஸ விட்டாப் போதும்.