விளக்கின்மேல் ஒட்டிய கறுப்பு டேப்

உங்கள் அறையில் ஏர்கோன் நன்றாக வேலை செய்கிறது, இன்ஸ்பெக்டர் சார். செங் ஊரில் எங்கள் கார்ப் பட்டறையில் வெறும் காற்றாடிதான்.

நளினி கார் வாங்கிய அன்று, கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவன் நான். "வண்டிய நீங்களே முதல்ல ஏத்துங்க தினேஸ் அண்ணே, உங்க கை ராசியான கை," என்றாள். அண்ணே என்பது எங்கள் பக்கத்து மரியாதை, அதில் ஒன்றும் இல்லை. டுரியான் துங்காலிலிருந்து செங்குக்கு வேலைக்கு வருகிறவள், பட்டறையைக் கடக்கும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு எட்வின் வேலைக்குச் சேர்ந்தான்.

அவள் காரில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பிரேக் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கெட்டுவிட்டது என்று நான் புதியது மாட்டினேன். விளக்கு மறுபடி எரிந்தது. எட்வின் கணினியில் அளவைப் பார்த்துக்கொண்டே ஒயரை இடம் இடமாக அசைத்தான். ஓரிடத்தில் அளவு துள்ளியது. "சென்சார் நல்லாதான் இருக்குண்ணே. ஒயர்தான் உள்ள அறுந்து தொட்டுத் தொட்டு விடுது," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நளினி பக்கத்தில் நின்று சிரித்தாள். அன்றிலிருந்து ஹாரன் அவனுக்கு அடித்தது. தீபாவளி கழிந்து நிச்சயதார்த்தம் என்றார்கள். வயிறெரிந்தேன், மறைக்கவில்லை.

அக்காள் கல்யாணத்துக்கு எட்வின் ஈப்போ போயிருந்தான். எண்ணெய் மாற்ற வந்த அவள் காரில், அறுந்த இடத்தில் அவன் ஒட்டிப் போட்ட ஒயர் இணைப்பைப் பிரித்துவிட்டேன். பிரேக்கில் கை வைக்கவில்லை, சார். விளக்கு எரியட்டும், அவன் திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் தலை குனியட்டும் என்றுதான்.

சாயங்காலமே வந்தாள். "லைட்டு மறுபடி வந்துருச்சுண்ணே. பயமா இருக்கு. வண்டிய இங்கயே போட்டுட்டுப் போறேன்லா."

"பிரேக் பிடிக்குதுல்ல? அப்புறம் என்னலா பயம்? எட்வின் வந்து அவன் வேலைய அவனே பாக்கட்டும்."

அந்த ஒயர் விட்டுப்போனால், ஈரத்தில் பிரேக் அடித்தால் சக்கரம் இறுகிப்போகாமல் காக்கும் ஏற்பாடும் நின்றுவிடும். எனக்குத் தெரியும். வானமும் கறுத்துக்கொண்டிருந்தது. அவள் பயப்படக் கூடாதே என்று விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக் கொடுத்தேன். "தேங்ஸ்ண்ணே," என்றாள்.

அணைக்கட்டு வளைவில், மழையில், எதிரே லாரி. மீதி உங்களுக்குத் தெரியும்.

எட்வின் அவள் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, "ஒயர நான் சரியா ஒட்டல. நாந்தான் கொன்னுட்டேன்," என்று அழுதான். நளினியைப் பெற்ற தாயே அவனைத்தான் தேற்றினாள். ஊர் முழுக்க அவனைப் பார்த்தது. நான் பந்தல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களிடமும் அவன் அதையேதான் சொல்லியிருக்கிறான்.

குற்றமில்லாதவன் உள்ளே போகக் கூடாது என்றுதான் வந்தேன், சார். வேறு காரணமில்லை. அந்தக் காரை முதலில் ஓட்டியவன் நான். அவள் கடைசியாகப் பேசியது என்னிடம். இணைப்பைப் பிரித்ததும் டேப் ஒட்டியதும் இந்தக் கைதான். அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.

அவள் சாவையுமா அவனுக்குக் கொடுப்பேன்?