கைபடாத கடல்

மனைவி – கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கண்ணாடில மூக்கு ஒட்டுது.

கணவன் – ஒட்டட்டும். பக்கத்துல போனாத்தான் தெரியும்.

மனைவி – எனக்கு இங்கிருந்தே தெரியுதே. தண்ணி தெரியுது. தண்ணிக்குள்ள கல்லு தெரியுது. கல்லுக்குப் பின்னாடி, பெயின்ட் உரிஞ்ச நம்ம சுவர் தெரியுது.

கணவன் – அது வெறும் கல் இல்ல. உயிர்க்கல். கடலுக்கு அடியில பவளத்தோட கிடந்தது. அந்த ஒவ்வொரு துவாரத்துக்குள்ளயும்...

மனைவி – கோடானுகோடி உயிர் தூங்குது. தெரியும். நீங்க அதை விளக்கும்போதெல்லாம் நானும் அப்பாவும்கூடத் தூங்கியிருக்கோம்.

கணவன் – இன்னைக்கு எழுந்துடும்.

மனைவி – எழுந்தாகணும். அப்பா அந்தப் பக்கம், தொட்டிக்காக நகர்த்தி வெச்ச டி.வி.யைத் துணி போட்டுத் துடைச்சுட்டு இருக்கார்.

கணவன் – இப்பவேவா? இன்னும் வெளிச்சம் இருக்கே.

மனைவி – இருட்டுறதுக்குள்ள இதுல ஓர் உயிராவது நடமாடலைன்னா தொட்டி வெளிய, டி.வி. உள்ள. அப்பா போட்ட உத்தரவு. நீங்களும் தலையை ஆட்டினீங்க.

கணவன் – அன்னைக்கு ஒரு வேகத்துல...

மனைவி – வேகமா ஆட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. "கடையில வாங்கிப் போடுறவன் மீன் வளர்க்கிறவன், மாமா. நான் கடல் வளர்க்கிறவன். என் கை படாம, உயிர் தானா கல்லுலேர்ந்து வரும்"னு சோபா மேல ஏறி நின்னு பிரசங்கம் பண்ணீங்க.

கணவன் – சோபா மேல ஏறினது விளக்கு மாட்ட.

மனைவி – மாட்டிட்டு இறங்கியிருக்கலாம்.

கணவன் – இதபாரு, இதுக்குப் பொறுமை வேணும். கடல் உருவாக எத்தனை கோடி வருஷம் ஆச்சு தெரியுமா?

மனைவி – அந்தக் கடலுக்கு ஹால்ல மாமனார் இல்ல.

மாமனார் – என்ன மாப்பிள்ளை, நிலவரம் எப்படி?

கணவன் – பிரமாதம், மாமா. உப்பு சரியா இருக்கு. சூடு சரியா இருக்கு. காலையில சோதிச்சப்ப அமோனியா சுத்தமா இல்ல. அலை மோட்டார் ரெண்டு பக்கமும் மாறி மாறி...

மாமனார் – உயிர்?

கணவன் – அது... வரும் நிலையில இருக்கு.

மாமனார் – நான் தணிக்கைத் துறையில தலை நரைச்சவன், மாப்பிள்ளை. "வரும் நிலையில் உள்ளது"ன்னு சொன்ன எந்த இன்ஜினியரோட பாலத்துலயும் நான் நடந்ததில்ல.

மனைவி – அப்பா, டீ போடவா?

மாமனார் – போடு. ரிமோட்டை எங்க வெச்சே?

மனைவி – எந்த ரிமோட்?

மாமனார் – டி.வி. ரிமோட்.

கணவன் – மாமா, நீங்க ஒரு வாரமா கையில வெச்சு அமுக்கிட்டு இருந்தது தொட்டி விளக்கோட ரிமோட். அதனாலதான் உள்ள பட்டப்பகல்ல திடீர் திடீர்னு அஸ்தமனம் ஆயிட்டு இருந்தது.

மாமனார் – அதானே பார்த்தேன். செய்தி போட்டா நிலா வந்துது.

மனைவி – நிலாவை ரொம்ப நேரம் பார்த்துட்டுத்தானேப்பா இருந்தீங்க.

மாமனார் – சேனல் மாறுமான்னு பார்த்தேன்.

கணவன் – அந்த நீல வெளிச்சம் பவளத்துக்காக, மாமா. பவளம் வந்ததும்...

மாமனார் – பவளமும் வரும் நிலையில இருக்கா?

கணவன் – எல்லாத்துக்கும் ஒரு வரிசை இருக்கு, மாமா. முதல்ல தண்ணி பக்குவப்படணும்.

மாமனார் – இந்தத் தண்ணி பக்குவப்படுறதுக்குள்ள இந்த வீடே பக்குவப்பட்டுடுச்சு. குளியலறையில தண்ணி சுத்தம் பண்ற மெஷின். நான் சோப்புப் போட்டுட்டு நிக்கிறேன், குழாயில காத்து வருது. பால்கனியில உப்புத் தண்ணி டிரம். கீழ அலமாரியில நுரை எடுக்கிற மெஷின். அது போடுற சத்தத்துக்கு, யாரோ உள்ள உக்காந்து வாய் கொப்பளிக்கிற மாதிரி இருக்கு.

கணவன் – அது ஸ்கிம்மர், மாமா. கழிவை நுரையாக்கி வெளிய தள்ளும்.

மாமனார் – உயிரே இல்ல. யாரோட கழிவு?

மனைவி – அப்பா...

மாமனார் – கேள்விதானே கேட்டேன். கேள்வி கேட்டா ஏன் எல்லாருக்கும் முகம் சுண்டுது?

கணவன் – ஷ்ஷ். அசையாதீங்க.

மனைவி – என்னங்க?

கணவன் – அங்க... இடது பக்கக் கல்லு. அடியில. பார்த்தியா?

மனைவி – எங்க? அட... அட ஆமா. ஏங்க, அது நடக்குதுங்க.

கணவன் – நண்டு. சங்கு நண்டு. காலி சங்குக்குள்ள குடி போற ஜாதி. காலைப் பாரு, என்ன நீலம். மாமா, வந்துடுச்சு மாமா. தானா வந்துடுச்சு.

மாமனார் – நகருங்க. எனக்குத் தெரியல.

கணவன் – அதோ, மாமா, சின்னதா... மீசையை ஆட்டுது பாருங்க. உங்களுக்குத்தான் வணக்கம் சொல்லுது.

மாமனார் – எனக்கெதுக்கு? அது யாருக்கு நன்றி சொல்லணுமோ அவருக்குச் சொல்லட்டும். படிக்கிற கண்ணாடியை எடுத்துட்டு வரேன். யாரும் எதையும் தொடக்கூடாது.

கணவன் – போய்ட்டாரா?

மனைவி – போய்ட்டார். ஏங்க, வாழ்த்துக்கள். கல்லுலேர்ந்து தானா வந்துடுச்சே.

கணவன் – நான்தான் சொன்னேனே. இயற்கையை நம்பணும். நம்புறவனை இயற்கை... ஏய். அது என்ன?

மனைவி – எது?

கணவன் – கண்ணாடில. அந்த மூலையில. ஏறிட்டு இருக்கே.

மனைவி – நத்தை மாதிரி இருக்கு.

கணவன் – மாதிரி இல்ல. நத்தையேதான். இது எப்படி வந்துது?

மனைவி – இதென்ன கேள்வி. கல்லுலேர்ந்துதான்.

கணவன் – அது எப்படிக் கல்லுலேர்ந்து வரும்?

மனைவி – நண்டு எப்படி வந்துதோ அப்படி.

கணவன் – நண்டு வேற விஷயம்.

மனைவி – ஏன், நண்டுக்கு மட்டும் இயற்கை தனியா வழி வெச்சிருக்கா?

கணவன் – இவ்வளவு பெரிய நத்தை கல்லுக்குள்ள இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா? ஒவ்வொரு துவாரமும் எனக்கு மனப்பாடம். கையை நீட்டு.

மனைவி – எதுக்கு?

கணவன் – நீட்டேன்... சட்டைக் கையில என்ன வெள்ளை வெள்ளையா?

மனைவி – மாவு.

கணவன் – நீ இன்னைக்கு மாவே தொடலையே. கடல் தண்ணி காஞ்சா இப்படித்தான் உப்புப் பூக்கும். நீ தொட்டிக்குள்ள கையை விட்டிருக்கே.

மனைவி – உங்க கையைக் காட்டுங்க.

கணவன் – நான் எதுக்கு...

மனைவி – காட்டுங்கன்றேன். அடேங்கப்பா. தோள் வரைக்கும் உப்பளம். கடல் வளர்க்கிறவரே, கை படாம உள்ள போனீங்களோ?

கணவன் – மெதுவாப் பேசு.

மனைவி – காலையில சல்லடை வாங்கணும்னு ஓடினீங்களே, அந்தச் சல்லடைக்கு நீலக் கால் இருந்துதா?

கணவன் – நீ காய் வாங்கப் போனியே, காய் எங்க?

மனைவி – கண்ணாடில ஏறிட்டு இருக்கு.

கணவன் – சிரிக்காத... அவர் வந்துடுவார். சிரிக்காதன்றேன்ல.

மனைவி – நீங்கதான் சிரிக்கிறீங்க. வயிறு குலுங்குது.

கணவன் – அது சரி, நீ எதுக்கு? இந்தத் தொட்டி வந்ததுலேர்ந்து திட்டிட்டு இருக்கிறவ நீதானே.

மனைவி – திட்டுறதுக்காவது அது இருக்கணும்ல. ரெண்டு நாளா டார்ச்சை வெச்சுட்டு ஒவ்வொரு துவாரமா எட்டிப் பார்த்துட்டு நின்னீங்க. திறக்காத கவுன்ட்டர் முன்னாடி நிக்கிற ஆள் மாதிரி. பார்க்கச் சகிக்கல.

கணவன் – அதுக்காக நத்தையா?

மனைவி – கடைக்காரர் அதைத்தான் கொடுத்தார். பாசியைத் தின்னுட்டு வம்பு தும்பு இல்லாம இருக்குமாம். நம்ம வீட்டுல அப்படி ஒருத்தராவது இருக்கட்டுமேன்னு வாங்கிட்டேன்.

கணவன் – அவர் வரார். முகத்தை வெச்சுக்கோ.

மனைவி – எப்படி வெச்சுக்க?

கணவன் – ஆச்சரியமா.

மாமனார் – ம். நண்டு. ஒத்துக்கிறேன். நடக்குது. இது யாரு, புது ஆளு?

கணவன் – நத்தை, மாமா. நீங்க அந்தப் பக்கம் போனதும் கல்லுலேர்ந்து...

மாமனார் – கல்லுலேர்ந்து.

மனைவி – நானே பார்த்தேம்ப்பா.

மாமனார் – மாப்பிள்ளை, அந்தக் கல்லுலயே பெரிய துவாரம் எது?

கணவன் – இதோ, இது.

மாமனார் – என் சுண்டுவிரல்கூட நுழையாது. நத்தை என் கட்டைவிரல் தண்டி இருக்கு. எப்படி வெளிய வந்தார் இவர்?

கணவன் – உள்ள இருக்கும்போது சின்னதாத்தான், மாமா, இருக்கும். வெளிய வந்ததும் காத்துப் பட்டு...

மாமனார் – தண்ணிக்குள்ளயா?

கணவன் – காத்துன்னா... கரைஞ்ச காத்து.

மனைவி – இவரு சொல்றது சரிதாம்ப்பா. குழந்தைங்ககூடத் திடீர்னு வளர்ந்துடுதே.

மாமனார் – டீ போடுற நேரத்துலயா?

மனைவி – அதெல்லாம் இயற்கை.

மாமனார் – சரி. எழுதிக்கிறேன், மனசுல. நண்டு ஒண்ணு, நத்தை ஒண்ணு. வேற யாராவது வரும் நிலையில இருக்காங்களா?

கணவன் – இல்ல, மாமா. இன்னைக்கு இவ்வளவுதான்.

மாமனார் – நிச்சயமா?

கணவன் – நிச்சயமா. எனக்குத் தெரியாம இந்தத் தண்ணில ஒரு தூசிகூட... என்ன அது?

மனைவி – எது?

கணவன் – மோட்டார் பின்னாடி. ஆரஞ்சா...

மனைவி – ஏதாவது மூடி கழண்டு விழுந்திருக்குமா?

கணவன் – மூடிக்குக் கண்ணு இருக்காது. திரும்பிப் பார்க்குது. மீன்.

மனைவி – மீனா?

கணவன் – கோமாளி மீன். வெள்ளைப் பட்டை. கொழுகொழுன்னு. இங்க வா, ஒரு நிமிஷம் இப்படி வா... நத்தையோட நிறுத்தியிருக்கலாம்ல? மீனை எப்படிக் கல்லுலேர்ந்து வரவைப்பேன் நான்?

மனைவி – என்னைக் கேட்டா? மத்தியானம் நான் அசந்து தூங்கினப்ப நீங்க போய்ப் போட்டுட்டு...

கணவன் – நானும்தான் தூங்கினேன். சத்தியமா நான் இல்ல.

மனைவி – நானும் சத்தியமா இல்ல.

கணவன் – அப்போ... நிஜமாவே தானா வந்துடுச்சா?

மனைவி – உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு.

கணவன் – இல்ல, நான் சொன்னேன்ல, இயற்கையை நம்பணும்னு...

மனைவி – நீங்க சொன்னதை நீங்களே நம்ப ஆரம்பிக்காதீங்க.

மாமனார் – அங்க என்ன குசுகுசுன்னு?

கணவன் – ஒண்ணுமில்ல, மாமா. அந்த மீன்...

மாமனார் – பார்த்தேன். நல்ல மீன். கல்லுலேர்ந்து வந்திருக்கும்.

கணவன் – மீன் கல்லுலேர்ந்து வராது, மாமா.

மாமனார் – ஏன், நண்டு வரலாம், நத்தை வரலாம், மீன் மட்டும் வரக்கூடாதா?

கணவன் – நண்டு ஒளிஞ்சிருக்கும். நத்தையும்... ஒரு மாதிரி ஒளிஞ்சிருக்கும். மீன் இத்தனை வாரமா எங்க, மாமா, இருந்திருக்கும்?

மாமனார் – உள்ள சின்னதா இருந்திருக்கும். கரைஞ்ச காத்துப் பட்டிருக்கும்.

மனைவி – அப்பா, நீங்களா இதைச் சொல்றது?

மாமனார் – கண்ணால கண்டதைச் சொல்றேன். மூணு உயிர் நடமாடுது. இன்னும் இருட்டல. தொட்டி இங்கேயே இருக்கட்டும். அந்த டி.வி.யைத் தூக்கிப் பரண்ல போடுங்க.

கணவன் – பரண்லயா? காலையிலேர்ந்து அதைத் துடைச்சுட்டு இருந்தீங்களே.

மாமனார் – தூசியோட பரண்ல போடலாமா?

மனைவி – இருங்க. அப்பா, அந்தத் துண்டை எடுங்க.

மாமனார் – எந்தத் துண்டை?

மனைவி – வலது கை மேல போட்டிருக்கீங்களே, அதை. மத்தியானத்துலேர்ந்து போர்த்திட்டே இருக்கீங்க.

மாமனார் – சும்மா, ஏசி குளிருது.

மனைவி – நம்ம வீட்டுல ஏசியே இல்ல.

கணவன் – மாமா... சட்டைக் கை பூரா உப்பு.

மனைவி – அப்பா, தொட்டியைத் தூக்கச் சொன்னதே நீங்கதானே? வேணும்னா "இருக்கட்டும்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எதுக்குப்பா இந்த வேலை?

மாமனார் – போட்ட உத்தரவை வாபஸ் வாங்குற பழக்கம் என் சர்வீஸ்லயே கிடையாது, அதான் சாட்சியைக் கொண்டுவந்து போட வேண்டியதாப் போச்சு... மீன் போடணும்னு எனக்கென்ன ஆசையா? கல்லுலேர்ந்து தானா வந்த மாதிரி ஏதாவது இருக்கான்னுதான் கேட்டேன். அந்தக் கடைக்காரன், "இன்னைக்கு இதையே கேட்டு வர்ற மூணாவது ஆள் நீங்க சார், அந்த மாதிரி இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு, இனி மீன்தான்"னுட்டான்.