மடித்து ஒட்டிய மஞ்சள் டேப்

மலிவு விலை டேப்லெட்டில் முதலில் போவது சார்ஜ் போடும் இடம்தான் சார். ஆட்டி ஆட்டிச் சொருகுவார்கள், உள்ளே ஈயம் விட்டுவிடும். பதினாறு வருஷமாக இதே வேலை. எது தானாகப் போனது, எது ஆள் கைபட்டுப் போனது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். உங்கள் மேஜைமேல் இருப்பது ஆள் கைபட்டுப் போனது. கை என்னுடையதுதான், நான் மறைக்கவில்லை.

என் மனைவியின் போன் கண்ணாடி உடைந்தபோது, "குடு, நான் பாத்துத் தர்றேன்" என்று வாங்கிக் கடை டிராயரில் வைத்தேன். அது அங்கேயே இருந்துவிட்டது. பதிலுக்கு, யாரோ விட்டுப்போன இந்த டேப்லெட்டைக் கொடுத்தேன். தினமும் மத்தியானம் இதில் அவள் அக்காவோடு பேசுவாள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறக்கும்போதே விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"யாரு?"

"அக்காதாங்க. வேற யாரு?"

வேறு யாராவதா என்று நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். வாங்கிப் பார்த்தேன். அக்கா பெயர்தான் இருந்தது. ஆனால் கூடப்பிறந்தவளிடம் யார் சார் அப்படிச் சிரிப்பார்கள்?

நான் கை நீட்டுகிற ஆள் இல்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மைக் துளைக்குள் ஒரு சொட்டுப் பசை வைத்தேன், அவ்வளவுதான். அவள் காகிதத்தில் எழுதி எழுதி வீடியோவில் அக்காவுக்குக் காட்டினாள். கேமரா இணைப்பைத் தளர்த்தினேன். எழுத்தில் செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். திரையின் கீழ்ப்பகுதி தொடுவதற்கு மசியாதபடி பண்ணினேன். அவள் டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதினாள். கெட்டிக்காரிதான், எனக்கே அதில் கொஞ்சம் பெருமை. ஒவ்வொரு தடவையும் அதை என்னிடமேதான் கொண்டுவந்து நீட்டுவாள்.

"என்னங்க இது, ஒண்ணு மாத்தி ஒண்ணு போகுது?"

"சீப் சரக்கு, அப்படித்தான் இருக்கும்."

"நீங்க கை வெச்சா ஓடும்னு ஊரே சொல்லுது. நம்ம வீட்டுப் பொருளுக்கு மட்டும் அந்த ராசி இல்ல போல."

கிண்டலா, குத்தலா? இரண்டு நாள் அதையே அசைபோட்டேன். மூன்றாம் நாள் வைஃபை ஆன்டெனா வயரைக் கழற்றினேன்.

கதவை வெளியே பூட்டிப் போவது கல்யாணமானதிலிருந்தே உள்ள வழக்கம். மூன்றாம் மாடி, திருட்டுப் பயம். வெளியே போவதென்றால் என்னோடு போவாள், ஒரு குறையும் வைத்ததில்லை.

அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. அன்று காலை, "மருந்து தீந்துடுச்சுங்க" என்றாள். சாயங்காலம் வாங்கி வருகிறேன் என்றேன். மறக்கவில்லை சார், வாங்கித்தான் வந்தேன். பூட்டைத் திறந்தால் கதவு பாதிதான் திறந்தது, பின்னாலேயே அவள் கிடந்தாள். இழுப்பு வந்தால் கத்த முடியாது, அதனால் யாருக்கும் கேட்கவில்லை. நான் அழுதேன். அது நடிப்பில்லை.

அவள் அக்கா வந்து, "அதுல அவ போட்டோ இருக்கும், குடுங்க" என்று டேப்லெட்டைக் கேட்டாள். இல்லை என்றால் தப்பாகத் தெரியும். இந்த மாதிரி சரக்கை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று கொடுத்துவிட்டேன். அவள் நேராக, நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறவனின் ரிப்பேர் கடைக்குப் போயிருக்கிறாள். என்னோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவன் அவன், இப்போது தனிக்கடை.

தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மஞ்சள் டேப் ஒட்டினால் முனையை நூலளவு உள்ளே மடித்துவிடுவேன். அடுத்துத் திறக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கக் கூடாது, பிடித்து இழுத்தால் வந்துவிட வேண்டும். மற்றவர் சிரமத்தை நினைத்துப் பார்க்கிறவன் நான். கழற்றிய வயர் போர்டில் பட்டுவிடக் கூடாதே என்று அதற்கும் டேப் ஒட்டி, பழக்கதோஷத்தில் முனையை மடித்துவிட்டேன்.

"இது தானா கழண்டதில்லம்மா. டேப்ப இப்படி மடிக்கிற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்" என்றானாம் சோடாபுட்டி.

பிறகு வயரைப் பொருத்தித் தன் கடை வைஃபையில் போட்டிருக்கிறான். என் மனைவி போய் ஒன்பதாவது நாள் அது. நான் கடையில் ஒரு உப்பிய பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போனில் அவளிடமிருந்து செய்தி வந்தது.

"மூச்சு முட்டுது. சீக்கிரம் வாங்க."

அவள் போன அன்று எழுதியவை மூன்று, எல்லாம் போகாமல் உள்ளேயே தேங்கிக் கிடந்திருக்கின்றன. பதினொன்று பத்துக்கு அக்காவுக்கு. பதினொன்று பதினான்குக்கு எனக்கு. அவள் கூப்பிட்டால் யாருக்கும் போய்ச் சேராதபடி ஒவ்வொன்றாக அடைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மூன்றாவது செய்தியைத்தான் நீங்கள் சரியாக விசாரிக்கவில்லை. "கதவ உடைங்க" என்று ஒரு ஆம்பளை நம்பருக்கு அனுப்பியிருக்கிறாள். அது வாட்ச்மேன் நம்பர், கேட்டிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது, என்னோடு வெளியே போகும்போது பார்த்திருப்பாள் என்கிறீர்கள். இருக்கட்டும். என் பக்கத்தில் நடந்து வருகிறவளுக்கு அந்தப் பக்கம் ஏன் சார் கண் போனது?