அன்ரோனெற்றின் போத்தல்

சம்பலைக் கரண்டியால் கலக்குபவர்களை எனக்குப் பிடிக்காது. தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், வெங்காயம், தேசிக்காய்ப்புளி எல்லாவற்றையும் கையால் பிசைந்தால்தான் உறைப்பு உள்ளே இறங்கும். சுகாதாரப் பரிசோதகர் யோகராசா ஐயா, முதலில் இதை எழுதுங்கள்.

இந்தியாவில் அகதி முகாமில் பத்தொன்பது வருடம் இருந்தேன். அங்கே எனக்கு ஒரு தடவை நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்டு, வந்து மாறியது. ஊர் திரும்பியதும் முதல் கோயில் திருவிழாவுக்கு என் கையால் சம்பல் போட வேண்டும் என்பதுதான் அத்தனை வருடமும் என் ஆசை. இதைப் பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஞாயிற்றுப் பூசை முடிந்து சாப்பிட்ட ஒன்பது பேருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. சமைத்த பெண்கள் எங்கள் எல்லோருக்கும் சின்னப் போத்தல் கொடுத்து மலம் கொண்டுவரச் சொன்னீர்கள். முன்பு காய்ச்சல் வந்து மாறியவரின் பித்தப்பையில் கிருமி ஒளிந்திருக்கலாம், அப்படிப்பட்டவர் சமைக்கிற குசினிப் பக்கமே வரக்கூடாது என்றும் சொன்னீர்கள். நான் வாசலில் நின்ற கழுதையிடம் உதவி பெற்றேன்.

இரண்டு நாளில் நீங்களே வந்தீர்கள்.

"மெற்றில்டா அக்கா, நீங்கள் புல்லுச் சாப்பிடுறனீங்களோ?"

"வல்லாரை, ஐயா. ஞாபகசக்திக்கு."

"அக்கா, நாளைக்கு வேறை ஒண்டு கொண்டு வாங்கோ."

மறுநாள் நேர்மையாகவே கொண்டுவந்தேன். உங்கள் மேசையில் என் அடுத்த வீட்டு அன்ரோனெற்றின் போத்தலும் இருந்தது. நல்ல மனுசி, ஆனால் கரண்டிக்காரி. இரண்டு போத்தல்களின் பெயர்த் துண்டுகளையும் மாற்றி ஒட்டினேன்.

அன்ரோனெற்றுக்குக் கிருமி என்று முடிவு வந்தது. இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை கொடுத்தீர்கள். ஊரே அவளைக் கண்டு ஒதுங்கியது. எனக்கும் பாவமாக இருந்தது. இருந்தாலும் தேங்காய் துருவ வேண்டியிருந்தது.

திருவிழாவில் எல்லோரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு பங்குப் பாதரோடு சேர்த்து நாற்பத்தொரு பேர் காய்ச்சலில் படுத்தார்கள். ஒருவரும் சாகவில்லை, அதையும் எழுதுங்கள்.

கிருமியின் மரபணு முழுவதையும் கொழும்பில் வாசித்தார்களாம். அதன் சொந்தபந்தங்கள் எல்லாம் இந்தியாவில் எங்கள் முகாம் இருந்த கரையில் இருக்கிறார்களாம். அன்ரோனெற் ஒருநாளும் கடல் தாண்டியவள் இல்லை. சமைத்தவர்களில் தாண்டியவள் நான் மட்டுந்தான். அந்தக் கிருமியின் மரபணுக்களில் பல செத்துப்போனவை, அதனால் மனிதரை விட்டால் வேறெந்த உயிரிலும் அதற்குக் குடியிருக்க முடியாது என்றும் நீங்கள்தான் விளங்கப்படுத்தினீர்கள். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. போக்கிடம் இல்லாத அதை ஊருக்குக் கூட்டிவந்தவள் நான் அல்லவா.

சரி, துண்டை மாற்றியது நான்தான். கிருமி இருக்கலாம் என்று தெரிந்துதான் பிசைந்தேன். ஆனால் ஐயா, எங்கள் ஒழுங்கை வீடுகளில் காய்ச்சலில் படுக்காதவள் அன்ரோனெற் ஒருத்திதான். அந்த மாத்திரை அவளுக்குக் கிடைத்ததே என்னால். இன்றுவரை ஒரு நன்றி சொல்லவில்லை.