ஒட்டிய பைக்குள் போன போர்டிங் பாஸ்

பெயரும் முகவரியும் என் அடையாள அட்டையில் உள்ளபடி. வயது நாற்பத்தொன்பது. தொழில் தையல்.

இன்று காலை என் தங்கை போனில், "அம்மாவுக்கு மூச்சு இழுக்குது, கண்ணு உன்னைத்தான் தேடுது, உடனே வா" என்றாள். கட்டிய துணியோடு கிளம்பி விமான நிலையம் வந்தேன். சோதனை முடிந்து உள்ளே சென்றபின், அங்கிருந்த கடையில் டூத் பிரஷ், சீப்பு, பிஸ்கட், அம்மாவின் வறண்ட உதட்டில் தடவ ஒரு டப்பா களிம்பு ஆகியவற்றை வாங்கினேன்.

பில் போட்ட பெண் விவரம் பதிய என் போர்டிங் பாஸை வாங்கி, பக்கத்தில் நின்றவளிடம் சிரித்துப் பேசிக்கொண்டே, ரசீதோடு பாஸையும் பைக்குள் போட்டு ஒட்டிவிட்டாள். களிம்பு இருந்தால் பையை ஒட்டித்தான் தருவார்களாம். நான் கவனிக்கவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை.

அதன் பிறகு, விமானம் ஏறும் வாசலில் நின்ற ஊழியர் பாஸைக் கேட்டார். பையைப் பிரிக்கப் போனேன். "கடைக்காரங்கதான் பிரிக்கணும்மா" என்று தடுத்தார். "களிம்பு நாசமாப் போகட்டும், என்னை விடுங்க" என்றேன். விடவில்லை.

அதன் பிறகு கடைக்கு ஓடினேன். "மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார், அவர் வந்தாத்தான் பிரிக்க முடியும். நீங்க பாத்து வாங்கியிருக்கணும்" என்றாள் அந்தப் பெண். தப்பு செய்தது அவள், புத்திமதி எனக்கு! பற்றிக்கொண்டு வந்தது. "பிரிடி!" என்று கத்தினேன். கடைசி அழைப்பு வந்துவிட்டது. மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துப் பையைக் கிழித்து, பாஸோடு ஓடினேன்.

கத்தரிக்கோலும் கையோடு வந்துவிட்டது. வீட்டில் அடுப்படிக்குப் போனாலும் கத்தரியோடு போகிறவள் நான். கையில் இருப்பதே தெரியவில்லை. வழியில் காவலர்கள் மடக்கிக் கீழே போடச் சொன்னார்கள், போட்டேன். அதற்குள் வாசலை மூடிவிட்டார்கள். குத்திவிடுவேன் என்று நான் மிரட்டியதாக அந்தக் கடைப் பெண் எழுதிக் கொடுத்திருப்பது அண்டப்புளுகு.

கடைக்காரர்களிடம் வருத்தம் தெரிவிப்பதாக இந்த வாக்குமூலத்தில் ஒரு வரி சேர்த்தால், வழக்கில்லாமல் அடுத்த விமானத்தில் அனுப்புவதாக இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னீர்கள். அம்மாவைப் பார்க்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். நீங்களும் எழுதினீர்கள்.

அதன் பிறகு உங்கள் மேசையிலிருந்த என் போன் அடித்தது. தங்கை, "அக்கா, இனிமே அவசரமில்ல. மெதுவாவே வா" என்றாள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)